நாலாவது ஆள்

"நாடியை ஒரு நூல் இறக்குங்கோ. ம், காணும். இனிக் காது."

சொல்லிக்கொண்டே தக்சாயினி கமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வருகிறார். கதிரையில் விறைத்துப்போய் இருக்கும் மாணவியின் தலைமயிரை இரண்டு விரல்களால் ஒதுக்கிக் காதுகளுக்குப் பின்னால் செருகிவிடுகிறார். இடது காது, பிறகு வலது காது. திரும்பிப் போய் ஒற்றைக் கண்ணை மூடுகிறார். "சிரிக்கப்படாது பிள்ளை. சிரிச்சால் நீ ஆரெண்டு அரசாங்கத்துக்குத் தெரியாமல் போயிடும்." அந்தப் பிள்ளை அதற்குத்தான் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கி முகம் இயல்புக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் இவருடைய விரல் அமுங்கிவிடுகிறது. அடையாள அட்டைப் படத்தில் எல்லோரும் களவெடுத்துப் பிடிபட்டவர்கள்போல இருப்பார்கள். தக்சாயினி எடுத்த படங்களில் மட்டும் இப்போதுதான் சிரித்து முடித்தவர்கள்போல இருப்பார்கள்.

இவருடைய ஸ்ரூடியோ நல்லூரில், கோயிலிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறது. இரண்டு பக்கமும் ரியூசன் நிலையங்கள். வகுப்பு விட்டதும் சைக்கிள்கள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு வரும். அவற்றில் நாலைந்து இந்த வாசலில் சாயும். வருபவர்களின் பெயரை இவர் முதலில் கேட்பதில்லை. காதைத்தான் பார்ப்பார். ஒருமுறை படம் எடுத்தவரை ஆறு வருடம் கழித்துச் சந்தையில் கண்டாலும், "உங்கடை வலக்காது கொஞ்சம் மேலை எல்லோ" என்று நினைவு வைத்துக் கேட்பார். கணவர் கேதீஸ்வரன் தண்ணீர்ப் பம்பு திருத்துபவர். "பொம்பிளை பாக்கப் போனது நான். அவ என்ரை காதைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ" என்று அவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். தக்சாயினி மறுப்பதில்லை. நாற்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு. இடது கட்டைவிரலில் கமராப் பட்டி உராய்ந்து காய்த்துப்போன தழும்பு.

கடையின் கண்ணாடி யன்னலுக்குள் குடும்பப் படங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை உற்றுப் பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் பிடிபடும். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று மூன்று பேர் நிற்கும் படங்களிலெல்லாம் எங்கோ ஓர் இடத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. நீலச் சட்டை போட்ட பிளாஸ்ரிக் பொம்மை. ஒரு கண் திறந்தும் மற்றது பாதி மூடியும் இருக்கும். சில படங்களில் அது பிள்ளையின் மடியில். சிலவற்றில் கதிரைக் காலோரம். ஒன்றில் அம்மாவின் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து காலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பது எங்கள் ஊர்களில் அநேகமான வீடுகளில் இருக்கும் பயம். நம்பாதவர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் நம்பாமல் இருப்பார்கள். தக்சாயினி யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை. மூன்று பேர் வந்து நின்றால் அலுமாரியைத் திறந்து, பொம்மையை எடுத்துத் தூசி தட்டி, "இவ நாலாவது ஆள்" என்று ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்.

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதிக்கு இது பிடிக்கவில்லை. படித்த நீங்களுமா இதை நம்புகிறீர்கள் என்று கணவர் கேட்டார். "நம்பிறதுக்கில்லைத் தம்பி. அவ நிண்டால் உங்களுக்கு இடம் காணாதோ?" என்றார் தக்சாயினி. சரி, எடுத்த பிறகு கணினியில் பொம்மையை அழித்துத் தாருங்கள் என்றார் அவர். அந்த ஒரு வேலையை மட்டும் தக்சாயினி செய்வதில்லை. முகப்பருவை அழிப்பார். சட்டையில் விழுந்த தேநீர்க் கறையை அழிப்பார். சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தால் கை தானாகவே போய் அழித்துவிடும். நிழல் இவருக்குத் தும்மல் மாதிரி; வந்தால் படம் பழுது. ஆனால் நாலாவது ஆளை அழிக்கமாட்டார்.

சனிக்கிழமை காலையில் கடை திறப்பதில்லை. இரண்டு வருடமாக அப்படித்தான். அன்று விடிந்ததும் தன் ஸ்கூட்டியின் முன்னால் ஒரு சோற்றுப் பெட்டிப் பையைக் கொழுவிக்கொண்டு வடக்கே கடற்கரைப் பக்கம் போவார். பைக்குள் சோறு இல்லை. நான்கு சின்னக் கமராக்கள். எல்லாம் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களின் மேசை லாச்சிகளில் கிடந்தவை. கைத்தொலைபேசி வந்த பிறகு அந்தக் கமராக்களை அங்கே யாரும் தொடுவதில்லை. "எறியாதேங்கோ, வரேக்கை கொண்டு வாங்கோ" என்று இவர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சேர்த்தவை. ஒன்று சுவிசிலிருந்து வந்தது. அதன் மூடி திறந்துகொள்ளும், ஒரு றப்பர் வளையம் போட்டிருக்கிறார். முதல் நாள் இரவே நான்கு பற்றரிகளையும் மின்னேற்றி வைப்பது பம்புக்காரக் கணவரின் பொறுப்பு.

தக்சாயினி போகும் இடம், போரில் இடம்பெயர்ந்து முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டுத் தங்கள் கரைக்குத் திரும்பிய கடற்றொழில் குடும்பங்களின் குடியிருப்பு. திரும்பி வந்தபோது வீடுகள் நின்ற இடத்தில் பற்றைதான் நின்றது. இப்போது கல்வீடுகள் பாதியில் நிற்கின்றன. யன்னல் வைக்கவேண்டிய துவாரங்களில் உரப்பை தொங்குகிறது. பிள்ளைகளில் பலர் முகாமில் பிறந்தவர்கள். கடல் எந்தப் பக்கம் என்று பெற்றோர் கை நீட்டிக் காட்டித்தான் அறிந்தவர்கள். அவர்களில் எட்டுப் பேர் தக்சாயினியிடம் படம் எடுக்கப் பழகுகிறார்கள்.

முதல் மாதம் முகம் எடுக்கக்கூடாது என்பது இவருடைய சட்டம். கிழமை முழுவதும் முகம் பார்த்துக் களைத்த மனிசி போட்ட சட்டம் என்று, அவரை நெடுநாள் தெரிந்த நான் நினைத்ததுண்டு. பிள்ளைகள் செருப்பை எடுத்தார்கள். பூனையின் வாலை, வலையில் சிக்கிய நண்டை, அம்மாவின் குதிக்காலை எடுத்தார்கள். எட்டுப் பேருக்கு நான்கு கமரா என்பதால் இரண்டு இரண்டு பேராகப் பிரித்திருக்கிறார். ஒருவருக்குக் கண் வேலை, மற்றவருக்கு நிழல் வேலை. கண் படம் எடுக்கும். நிழல் பக்கத்தில் நின்று, எடுப்பவரின் நிழல் படத்துக்குள் விழுகிறதா என்று பார்க்கும். விழுந்தால் "நிழல்!" என்று சத்தம் போடும், உடனே எல்லோரும் அசையாமல் நிற்கவேண்டும். இந்தச் சத்தம் இப்போது அந்தக் குடியிருப்பின் விளையாட்டாகிவிட்டது. கூரைக்குத் தகரம் அடிப்பவரின் வெளிச்சத்தை யாராவது மறைத்தாலும் "நிழல்!" என்று கேட்கும்.

இந்த வருடம் அந்த வகுப்பைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கக் கொழும்பிலிருந்து கீர்த்திகா என்ற பெண் வந்தாள். பெற்றோர் வட்டுக்கோட்டைப் பக்கம். இவள் பிறந்து வளர்ந்தது கொழும்பில். மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். தாய் தகப்பன்மாரிடம் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் எடுத்தாள். ஒலி பிடிப்பவர் நீண்ட தடியைப் பிடித்துக்கொண்டு வந்த முதல் நாளே எட்டுப் பிள்ளைகளும் அவரைப் பார்த்து "நிழல்!" என்று கத்தி ஓட்டினார்கள்.

எடுக்க எடுக்கக் கீர்த்திகாவின் படம் ஒரு பையனைச் சுற்றியே வளர்ந்தது. அருட்செல்வன், பன்னிரண்டு வயது. அதிகம் கதைக்கமாட்டான். கையில் கமரா வந்தால் கரைக்குத் திரும்பி வரும் படகுகளைத்தான் எடுப்பான். போகிற படகை எடுக்கவே மாட்டான். ஏன் என்று கீர்த்திகா கேட்டபோது, "அது வந்தாப்பிறகு எடுக்கலாம்தானே" என்றான். அவனுடைய தகப்பன் சுபாஸ்கரன் கடலோடு போனவர். தாய் மீனாம்பிகை மீன் காயவைக்கும் வாடியில் வேலை செய்து இவனையும் அக்கா பிரதீபாவையும் வளர்க்கிறாள்.

படம் முடிந்தது. முதல் தடவையாக அந்தக் குடியிருப்பிலேயே, கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் காட்டுவதென்று ஏற்பாடு. சுவரொட்டிக்குப் பிள்ளைகள் எடுத்த படம் ஒன்று வேண்டும், இன்றைக்கே அனுப்புங்கள் என்று கீர்த்திகா தொலைபேசியில் கேட்டாள். அவள் கேட்டது வகுப்புப் பிள்ளை நிரோஜா எடுத்த படம். பாதி எழும்பிய மதிலில் அருட்செல்வனும், இரண்டு பக்கத்திலும் டிலக்ஷனும் அவன் தம்பியும் இருந்து காலாட்டும் படம். காலை இளவெயிலில் மூன்று பேரும் பொன்போல இருப்பார்கள். ஒரே ஒரு பழுது. கீழே மணலில் நிரோஜாவின் நிழல் விழுந்திருந்தது. அவளுக்கு நிழல் வேலை பார்க்கவேண்டிய டிலக்ஷன் மதிலில் இருந்ததால் சத்தம் போட ஆள் இல்லை. வகுப்பில் அதைப் பார்த்தபோதே தக்சாயினி அவளைக் கண்டித்திருந்தார். பதினொரு வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றதே தவிர வாய் திறக்கவில்லை.

அது பரீட்சை விண்ணப்பக் காலம். கடை வாசலில் ஐம்பது சைக்கிள். தக்சாயினி இரண்டு பேருக்கு நடுவில் கணினியைத் திறந்து, நிழல் விழுந்த அடிப்பக்கத்தை வெட்டி, மிச்சத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த காதைப் பார்க்கத் திரும்பினார். மூன்று பேர் வந்தால் தானாக அலுமாரியைத் திறக்கும் அந்தக் கை அன்றைக்கு எண்ணவில்லை.

காட்டுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது நான் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க அங்கே போயிருந்தேன். வாங்கில் மாணவர்கள் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மடியில் ஒரு கடதாசிச் சுருளை வைத்துக்கொண்டு இருந்தாள். கை நகங்களில் மீன் செதில் மினுங்கியது. யாரையும் முந்தவில்லை. தன் முறை வந்தபோது எழுந்து போய்க் கதிரையில் அமர்ந்தாள். தக்சாயினி ஏற்கனவே கமராவுக்குப் பின்னால் கண்ணை வைத்துவிட்டார். "நாடியை ஒரு நூல்" என்று தொடங்கியபோது அந்தப் பெண் சுருளை விரித்துத் தன் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தாள். சுவரிலிருந்து கிழித்து வந்த சுவரொட்டி. மூலைகளில் பசை காய்ந்திருந்தது.

"எண்ணுங்கோ அக்கா" என்றாள்.

தக்சாயினி கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"மூண்டு" என்றார் கடைசியில்.

"நடுவிலை ஆர்?"

தக்சாயினி கமராப் பட்டியைக் கட்டைவிரலில் சுற்றினார்.

"தேப்பனையும் நீங்கள்தான் நடுவிலை விட்டு எடுத்தனீங்கள்" என்றாள் மீனாம்பிகை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். இனித் தன் பிள்ளை வகுப்புக்கு வரமாட்டான், ஆவணப்படத்திலும் அவன் முகம் வரக்கூடாது, போட்ட கையெழுத்தைத் திருப்பித் தரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, சுவரொட்டியை மறுபடி பக்குவமாகச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மகனின் முகம் அதில் இருந்தபடியால் கசக்க மனம் வரவில்லைப்போலும்.

அன்று மாணவர்கள் எல்லோரையும் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிய பிறகு, தக்சாயினி அந்தக் கதிரையில் தானே அமர்ந்து அந்தப் பழைய கதையை எனக்குச் சொன்னார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நல்லூர்த் தேர். மூன்று சகோதரர்கள் கோயிலில் கழற்றிய சட்டைகளை மறுபடி போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறு உலரமுதலே இந்தக் கடைக்கு வந்தார்கள். மூத்தவர் தயங்கித் தயங்கி, மூன்று பேராக எடுக்கலாமா, வெளியே நிற்கும் ஆரையாவது கூப்பிடவா என்று கேட்டிருக்கிறார். தக்சாயினிக்கு அப்போது முப்பது வயது. கணினியில் படம் திருத்தப் படித்து வந்த பெருமை. "உதுகளை இன்னும் நம்பிறியளோ அண்ணை?" என்று சிரித்தார். மூன்று பெரிய ஆண்களும் வெட்கப்பட்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் நின்றவர் சுபாஸ்கரன்; முகாமிலிருந்து வேறொரு கரைக்குப் போய்த் தொழில் செய்தவர். அந்த மார்கழியில் படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். அருட்செல்வன் அப்போது கைக்குழந்தை.

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று உறவினர் வந்தார்கள். அவர் பெரிய ஆளான பிறகு எடுத்ததில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்; அடையாள அட்டை அவரோடு கடலில் போய்விட்டது. இரண்டு பக்கத்துச் சகோதரர்களையும் வெட்டி, நடுவில் நின்றவரைப் பிரித்துக் கொடுத்தது தக்சாயினியின் கை. எவ்வளவு வெட்டியும் வலது தோளில் அண்ணன்காரன் போட்ட கையின் நான்கு விரல்கள் மிச்சமாக நின்றன. அவற்றை அழிக்க இவருக்குக் கை வரவில்லை. அடுத்த கிழமை சந்தைக்குப் போய்ப் பொம்மையை வாங்கினார். அந்தக் குடும்பங்கள் தங்கள் கரைக்குத் திரும்பிவிட்டன என்று கேள்விப்பட்ட பிறகு கமரா சேர்க்கத் தொடங்கினார். கேட்பவர்களுக்கு, "பெடியளுக்குப் பொழுது போகட்டுமே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீர்த்திகா பதறிப்போய், வேறு சுவரொட்டி அடிக்கலாம், அவன் வரும் இடங்களை வெட்டிவிடலாம் என்று தொலைபேசியில் என்னென்னவோ சொன்னாள். அவனை வெட்டினால் அந்தப் படத்தில் மிஞ்சுவது கடல்தான் என்று இருவருக்கும் தெரியும்.  "வெட்டிறதைப் பற்றி என்னோடை கதைக்காதை பிள்ளை" என்று தக்சாயினி தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை நான் அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் இருந்து போனேன்.  வகுப்பு நடக்கும் வேம்பின் கீழ் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். தக்சாயினி சோற்றுப் பெட்டிப் பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்தபடி இருந்தார்.  கடைசியில் நிரோஜாதான் எழுந்து வந்தாள். ஒல்லிப் பெட்டை. சனிக்கிழமையும் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல இரட்டைப் பின்னல் பின்னி, வளையமாக மடித்து றிபன் கட்டியிருந்தாள்.

"என்னை ஏன் வெட்டினனீங்கள் தக்சாக்கா?"

நிழல் விழுந்தால் வெட்டத்தான் வேணும், எத்தனை தரம் சொல்லியிருக்கிறன் என்று தக்சாயினி களைத்த குரலில் சொன்னார்.

"அது விழேல்லை. நான்தான் விழுத்தினனான்."

தக்சாயினி நிமிர்ந்து பார்த்தார்.

"அவை மூண்டு பேர் எல்லே இருந்தவை" என்றாள் நிரோஜா. "உங்கடை பொம்மை இஞ்சை இல்லை. ஆரையும் கூப்பிடப் போனால் அந்த மஞ்சள் வெயில் போயிடும். அதுதான் நான் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டனான். நான் நாலாவது ஆள்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று தக்சாயினி கேட்டார். கொழும்பு அக்காவின் கமரா பார்த்துக்கொண்டு நின்றது, சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தாளாம். இதைச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு அழுகை வந்தது. தக்சாயினி அவளை அணைக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. அப்படியே இருந்தார். ஒரு சிரிப்பு ஓர் ஆளை என்ன செய்யும் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அழுது முடிந்ததும் நிரோஜா பையைத் தானே திறந்தாள். றப்பர் வளையம் போட்ட சுவிஸ் கமராவை எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் படம் இன்னும் அதற்குள் இருந்தது. மற்ற ஆறு பிள்ளைகளும் பின்னால் போனார்கள். எல்லோருக்கும் பின்னால் தக்சாயினி போனார், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளை மாதிரி.

மீனாம்பிகை வீட்டு முற்றத்தில் வலையை விரித்து மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டும் நிமிரவில்லை. "நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள் மீனுக்கு. வாசல் படியில் அருட்செல்வன் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். நிரோஜா கமராவை அவன் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மீனாம்பிகை கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகக் கமராவின் பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடித் திரையைப் பார்த்தாள். சுட்டுவிரலால் தொட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் கீழே இறங்கி மணலில் நின்றது. தொட்ட இடத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

"உது ஆர்?"

"நான் மாமி."

"உன்ரை தலை ஏன் பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு?"

"பின்னல் மாமி. ரெண்டு பக்கமும் நிக்குது."

மீனாம்பிகை கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கன்னம் கொஞ்சம் இளகியது. "ஓம்" என்றாள், தக்சாயினியைப் பாராமலே. "ரெண்டு காதும் தெரியுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். தக்சாயினி சிரிக்கவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாய்வரை வந்து திரும்பிப் போன சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"மீனா, அண்டைக்கு அண்ணை கேட்டவர், வேறை ஆரையும் கூப்பிடவோ எண்டு. நான்தான் சிரிச்சனான்."

"தெரியும்" என்றாள் மீனாம்பிகை. "அவர் வந்து சொன்னவர். ஸ்ரூடியோப் பெட்டை தங்களைப் பாத்துச் சிரிச்சதெண்டு. வெக்கமாப் போச்சுதாம்."

"தெரிஞ்சுகொண்டோ பிள்ளையை அனுப்பினனீங்கள்?"

மீனாம்பிகை ஒரு மீனைப் புரட்டிப் போட்டாள். "அந்த ஒரு படமும் நீங்கள் எடுத்திருக்காட்டில் உவனுக்குத் தேப்பன்ரை முகம் தெரியாது" என்றாள். பிறகு, சொன்னது அதிகமாகிவிட்டது என்று நினைத்தவள்போல, "அதுக்காக உவனையும் நடுவிலை விடுவனோ?" என்று சேர்த்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு மீன்களைப் புரட்டிப் போட்டாள். பிறகு அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கட்டளை போட்டாள். சுவரில் ஒட்டியிருக்கிற எல்லாவற்றுக்கும் கீழே இவளைக் கீறிவிடவேண்டும், பின்னலோடு, பின்னேரம் சனம் வரமுதல். அடுப்படியிலிருந்து கரித்துண்டுகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் பறந்தார்கள். பிறகு போய்ப் பார்த்தேன். சுவரொட்டி முடிந்த இடத்திலிருந்து சுவரிலேயே கரி நிழல்கள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக இரண்டு காதுகள்.

டிலக்ஷன் மட்டும் போகாமல் நின்றான். நண்பன் படியை விட்டு எழும்பட்டும் என்று காத்திருந்தான்.

"எத்தினை மணிக்குக் காட்டினம்?" என்று மீனாம்பிகை கேட்டாள். ஐந்தரை என்றார் தக்சாயினி. அவள் தலையாட்டினாள். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "பிரதீபா, விளக்குமாத்தை வைச்சிட்டு வெளியிலை வா. தலையை வாரி இழு" என்றாள். மகனையும் கூப்பிட்டாள். தக்சாயினிக்கு விளங்கவில்லை. மீனாம்பிகை கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் போனாப்பிறகு நாங்கள் மூண்டு பேராப் போனம் அக்கா. அதோடை ஒரு படமும் எடுக்கேல்லை."

பூசாத மதிலுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். முதலில் மகன் நடுவில் நின்றான். மீனாம்பிகை அவன் தோளைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, தான் நடுவில் போய் நின்றாள். தக்சாயினியின் கை பழக்கத்தில் பைக்குள் போய்த் துழாவியது. பொம்மை நல்லூரில், அலுமாரிக்குள் கிடந்தது. அவர் ஒரு கமராவோடு கையை வெளியே எடுத்தார். சூரியன் பனைகளுக்கு மேல் அப்போதுதான் ஏறியிருந்தது. வழக்கமாக இந்த வெளிச்சத்துக்கு அவர் இடது பக்கம் நாலு அடி நடந்து, சரிந்து நின்று எடுப்பவர். இன்று வலது பக்கம் நடந்தார். வெயில் முதுகில் படும் இடம் வரை வந்து, அவர்களை நோக்கி ஓர் அடி வைத்தார். இன்னும் ஓர் அடி. அவருடைய தலை நிழலாக மணலில் நீண்டு போய் மீனாம்பிகையின் கால்களுக்கு முன்னால் நின்றது.

"நிழல்!" என்று டிலக்ஷன் கத்தினான்.

தக்சாயினி விலகவில்லை. கமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தன் தலைமயிரை ஒதுக்கிக் காதுகளுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். இடது காது, பிறகு வலது காது.